பாம்பு வசனம்

தென்காசியில் என் மைனி பயப்படாத பொருள் எது என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. மைனி என்றால் என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். நான் வாழ வந்த புதிதில் ஒரு காலை, கொண்டை போட்டு, குடையைக் கையில் எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் வாசற்படியில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். என்ன மைனி என்று கேட்டேன்.

"வாத்து போகுதுட்டி. போயிரட்டும்" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். நாலைந்து வாத்துகள் சாக்கடை ஓரமாகத் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

இடி இடித்தால் சமையல்கட்டில் இருக்கிற பித்தளைச் சாமான் எல்லாவற்றையும் பழந்துணி போட்டு மூடுவாள். வீட்டுக்குக் கரண்டு வந்தபோது சுவிட்சை விரலால் தொட மாட்டாள். மத்துக் காம்பால் தள்ளுவாள். செங்கோட்டையைத் தாண்டி மலைக்குள் போகிற ரயிலில் ஒரே ஒரு தடவை போனாளாம். குகை வந்ததும் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மலையாளத்து அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வந்த பிறகும் விடவில்லையாம். குற்றாலம் எங்களுக்கு மூன்று மைல். சாரல் விழ ஆரம்பித்தால் எங்கிருந்தெல்லாமோ வந்து குளித்துவிட்டுப் போவார்கள். மைனியும் எங்களோடு வருவாள். எண்ணெய் தேய்க்கிறவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டி ஓர் அடி வைக்க மாட்டாள். குரங்குக்குப் பயந்து துணி மூட்டையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, அருவியை அண்ணாந்து பார்த்து, "இம்புட்டுத் தண்ணியும் மேல எங்கனதான் கெடந்துச்சோ" என்பாள்.

பிள்ளைகள் யாரும் அவளுக்குப் பயப்பட்டதில்லை. அவள்தான் பிள்ளைகளுக்கும் பயப்பட்டாள். ஒரு முறை பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து, ஒரு பிள்ளை எழுதிய வாக்கியத்தைத் தப்பு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார். தலைமை ஆசிரியை உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மைனி மட்டும் முன்னால் வந்து, "சார், அது சரிதான் சார்" என்று சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது கையில் இருந்த சாக்குக்கட்டி கீழே விழுந்து உடைந்ததாம். இன்ஸ்பெக்டர் திரும்பப் பார்த்து, ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். மைனி வீட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"பயம்னு தெரியுதுல்லா, பின்ன எதுக்கு மைனி வாயைத் தொறந்தீங்க?"

"தொறக்காம இருந்தா அதைவிடப் பயமா இருக்குமேட்டி."

அவளிடம் வண்டி நிறையப் புத்தகம் இருந்தது. மிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனவை. கரையான் ஏறிக்கொண்டிருந்தது. காவல்காரன் வெந்நீர் அடுப்புக்கு எடுக்க ஆரம்பித்தபோது மைனி போய்க் கேட்டு வாங்கி வந்தாளாம். எல்லாம் ஆதித் திருச்சபைப் பெரியவர்கள் எழுதியவை, இங்கிலீஷில். அப்போஸ்தலர்கள் காலத்துக்குப் பிறகு முதல் நானூறு வருஷத்தில் வாழ்ந்த பிஷப்புமார், சந்நியாசிகள், ரத்த சாட்சிகள். பிரசங்கமும் கடிதமும் வாக்குவாதமுமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். சாயங்காலம் நான் அரிசி புடைக்கிறபோது மைனி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டுச் சொல்லுவாள்.

"இந்தா, இவரு பெரிய பிஷப்பு. சின்ன வயசுல கப்பல்ல போகும்போது புயல் அடிச்சிருக்கு. என்னமா பயந்து அழுதிருக்காரு பாரு. அவரே எழுதுதாரு."

அப்படிப் பயந்தவர்கள்தான் அவளுக்கு வேண்டியவர்கள். சிங்கத்துக்கு முன்னால் பாடிக்கொண்டு போனவர்களின் கதை வந்தால் வேகமாகப் பக்கத்தைப் புரட்டுவாள். "இவங்க நமக்கு எட்டாதவங்கட்டி" என்பாள்.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் பற்றி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருக்கிற கையெழுத்துப் பிரதிகளில் ரொம்பப் பழைய இரண்டில் அந்தச் சுவிசேஷம் பாதியில் நின்றதுபோல நிற்கிறதாம். கல்லறைக்குப் போன பெண்கள், கர்த்தர் உயிர்த்தெழுந்தார் என்று கேட்டதும் நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தினால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அதற்கு மேல் நம் வேதாகமத்தில் இருக்கிற பன்னிரண்டு வசனங்களையும் வேறு யாரோ பின்னால் சேர்த்திருக்கலாம் என்று பழைய பெரியவர்கள் சிலரே எழுதியிருக்கிறார்கள்.

"பயத்துலயே முடியுதுட்டி. யார்ட்டயும் சொல்லலியாம். அப்படியும் சேதி இங்கன தென்காசி வரைக்கும் வந்துட்டு, பாத்தியா?" என்று ஒரு நாள் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம்.

அந்தப் பன்னிரண்டு வசனங்களில் ஒன்றுதான் பாம்பு வசனம். விசுவாசிக்கிறவர்கள் பாம்புகளைக் கையில் எடுப்பார்கள், விஷத்தைக் குடித்தாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிற வசனம். அந்த வசனம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் என்று அப்போது நாங்கள் நினைக்கவில்லை.

ஐம்பதுகளின் பிற்பாதியில் எங்கள் முதல் பிள்ளை காய்ச்சலில் இறந்துபோனாள். நடக்கப் பழகியிருந்தாள். என் வீட்டுக்காரர் ராத்திரி பகலாக முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவர் என்னோடு பேசவில்லை, குருவானவரோடும் பேசவில்லை. நேராக மைனியிடம் போய், "அக்கா, பிள்ளை எங்கன இருக்கா?" என்று கேட்டார். மைனி அவரை உட்காரவைத்து, "கர்த்தர்ட்ட இருக்கா. நான் வாசிச்சவரைக்கும் அப்படித்தான். பத்திரமா இருக்கா" என்றாள். அம்மா செத்துப்போன எட்டு வயதில் இருந்து அவளை அம்மா இடத்தில் வைத்திருந்தவர் அவர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பி வேலைக்குப் போனார்.

அடுத்த சாரல் காலத்தில் ஊழியம் செய்கிற ஒரு பிரதர் எங்கள் பக்கம் வந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சண்டைக் காலத்தில் பர்மாவில் ஒரு நல்ல பாம்பு கைமேல் ஏறி இறங்கிப் போனதாம்; கடிக்கவில்லை. அன்றோடு ஊழியத்துக்கு வந்துவிட்டார். குற்றாலம் போகிற வழியில் மேலகரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கூட்டம் நடத்தினார். ஆளைப் பார்த்தால் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். என் பிள்ளையைப் பற்றிக் கேட்டு, சோற்றுக் கையோடு அழுதார். காசு என்று எதையும் தொட மாட்டார்.

ஆனால் அவர் பேச்சு என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டது. விசுவாசம் முழுசாக இருந்தால் அடையாளம் கூடவே வரும், அடையாளம் வரவில்லை என்றால் விசுவாசத்தில் ஓட்டை என்று பிரதர் பிரசங்கம் பண்ணினார். பொதுவாகத்தான் சொன்னார். இவரோ, தான் பிள்ளைக்காக ஜெபித்தபோது விசுவாசத்தில் ஓட்டை இருந்தது என்று எடுத்துக்கொண்டார்.

இவருக்கு வேலை செங்கோட்டை ரோட்டில் ஒரு மர டிப்போவில். ஒரு நாள் கூட வேலை பார்க்கிற ஆள் எங்கள் வாசலில் வந்து நின்று, குரலைத் தணித்துச் சொன்னார்.

"அக்கா, சார் தடி அடுக்குக்குள்ள பாக்காமலே கையை விடுதாரு. மழையில எல்லா ஜந்துவும் அதுக்குள்ளதான் கெடக்கும். நாங்க கம்பு வச்சுத் தட்டாம தொட மாட்டோம். சார் வேணும்னே விடுதாரு மாதிரி இருக்கு. பாத்துக்கிடுங்க."

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவர் கைகளைப் பார்ப்பேன். கேட்டால், "ஒண்ணும் ஆகாது" என்பார். அந்தச் சாந்தமான குரல்தான் எனக்குக் குலை நடுக்கத்தைத் தந்தது. பிரதர் அந்த ஞாயிற்றுக்கிழமை பாம்பைக் கொண்டுவரப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. முதலில் அவர் எடுப்பாராம். பிறகு விசுவாசம் உள்ளவர்கள் வரலாமாம். நான் வருகிறேன் என்று இவர் பேர் கொடுத்துவிட்டார்.

நான் குருவானவரிடம் ஓடினேன். அவர் வருத்தப்பட்டார், ஜெபிக்கிறேன் என்றார். வேதத்தில் இருக்கிற வசனத்தை நான் எப்படி இல்லை என்று சொல்ல முடியும் அம்மா என்றார். திரும்பி வந்து மைனியின் முன்னால் உட்கார்ந்தேன்.

"மைனி, அந்த வசனம் பின்னால சேத்ததுன்னு நீங்கதான சொன்னீங்க. சனிக்கிழமை கூட்டத்துல யாரும் எழும்பிக் கேள்வி கேக்கலாமாம். நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா உங்க தம்பி கேப்பாரு."

மைனியின் முகம் வெளுத்துப்போயிற்று. "அம்புட்டு ஆம்பளைக்கு முன்னாலயா?" என்றாள்.

 சனிக்கிழமை மத்தியானம் இரண்டு புத்தகங்களைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னோடு குதிரைவண்டியில் ஏறினாள். வழி நெடுக சாரல். வண்டிக்கூண்டின் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மேலகரம் போய்ச் சேர்ந்த பிறகும் மடங்கியபடியே இருந்தன.

கொட்டகை நிறையக் கூட்டம். பிரதர் பேசி முடித்து, "யாருக்காவது சந்தேகம் இருந்தா எழும்பிக் கேக்கலாம்" என்றார். பெண்கள் பக்கத்தில் இருந்து மைனி எழுந்தாள்.  தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பிரதர், அந்த வசனம் மாற்கு எழுதினதுதானான்னு சந்தேகம் இருக்கு" என்றாள். குரல் எனக்கே கேட்கவில்லை. பிரதர் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி, "முன்னால வந்து சொல்லுங்கக்கா" என்றார். பரிகாசம் இல்லாமல்தான் கூப்பிட்டார்.

மைனி முன்னால் போய்ப் பழைய பிரதிகளைப் பற்றிச் சொன்னாள். பாலஸ்தீனத்தில் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன் இருந்த ஒரு பிஷப்பு, சரியான பிரதிகளில் அந்தப் பெண்கள் பயந்தார்கள் என்பதோடு மாற்கு முடிகிறது என்று எழுதியிருப்பதைச் சொன்னாள். பெத்லகேமில் உட்கார்ந்து வேதத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த இன்னொருவரும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறார் என்றாள். பேசப் பேச அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. கூட்டத்தில் சலசலப்பு. ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு வந்தது.

பிரதர் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அக்கா, நான் படிக்காதவன். நீங்க சொன்ன ரெண்டு பேருக்கும் முந்தி யாராவது, இந்த வசனம் மாற்குல இருக்குன்னு எழுதியிருக்காங்களா?"

மைனி அவரைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடுங்கள் மைனி என்று நான் மனசுக்குள் கதறினேன். அந்தக் கொட்டகையில் அவளைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. தென்காசியிலேயே தெரியாது.

"உண்டு" என்றாள் மைனி.

"யாரு?"

"பிரான்சுல ஒரு பிஷப்பு. இவங்களுக்கு நூறு வருசத்துக்கும் மேல முந்தினவரு. மாற்கு கடைசியில இப்படி இருக்குன்னு ஒரு வசனம் எடுத்து எழுதியிருக்காரு."

"பாம்பு வசனமா?"

"அது இல்ல. கர்த்தர் பரலோகத்துக்குப் போன வசனம். பாம்பைப் பத்தி அவரு எழுதலை."

"அதுவும் இந்தப் பன்னெண்டுல ஒண்ணுதானக்கா? அது அவர் பிரதியில இருந்தா இதுவும் இருந்திருக்கும்லா?"

 "இருந்திருக்கும்" என்றாள்.

கொட்டகை முழுக்க ஸ்தோத்திரம் என்ற சத்தம் எழும்பியது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி நிமிர்ந்தபோது அந்தச் சாந்தம் முகத்தில் வந்திருந்தது. மைனி புத்தகங்களைத் துண்டில் சுற்ற முயன்றாள், முடியவில்லை. நான் போய்ச் சுற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை. இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு பொழைச்சிருப்பாரே மைனி. உங்க தம்பி செத்தாலும் அந்த பிரான்சுக்காரரு வந்து அழுவாரா?"

மைனி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "சொல்லணும்னுதான்ட்டி வாயைத் தொறந்தேன். பயம் வந்துட்டு" என்றாள்.

"என்ன பயம்? பொய் சொன்னா நரகமா?"

"நரகம் கெடக்கட்டும்." மைனி துண்டில் சுற்றிய புத்தகங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பிள்ளை எங்கன இருக்கான்னு அவன் என்கிட்டதான கேட்டான். கர்த்தர்ட்ட இருக்கான்னு நான்தான சொன்னேன். இன்னைக்கு நான் ஒரு பொய்யச் சொல்லி, நாளைக்கு அது பொய்யின்னு தெரிஞ்சா, அதையும் பொய்யின்னுதானட்டி நெனைப்பான். அப்புறம் அவனுக்கு எதைக் கொண்டு குடுப்பேன்?"

 இறந்தவள் என் பிள்ளையும்தான். நானும் அந்த வார்த்தையில்தான் உயிரோடு இருந்தேன். இருவரும் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் ஆராதனை முடிந்து, மத்தியானத்துக்குப் பிறகு கூட்டம். மலையடிவாரத்தில் பாம்பு பிடிக்கிற ஒருவர் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பல் பிடுங்கினதாக இருக்கக் கூடாது என்று பிரதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். "ஐயா, நேத்துப் பிடிச்சது. அதுகிட்ட வெளையாட்டு வேண்டாம்" என்று அந்த ஆள் இரண்டு தடவை சொல்லிவிட்டு, கொட்டகைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

பிரதர் ஜெபம் பண்ணிவிட்டு மூடியைத் திறந்தார். நல்ல பாம்பு. படம் எடுத்து எழும்பியது. அவர் மெதுவாக இரண்டு கையையும் கொடுத்து அதைத் தூக்கினார். தலைக்கு மேல் உயர்த்தினார். ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் அழுதார்கள், சிலர் முழங்காலில் விழுந்தார்கள். பெட்டியில் அதை இறக்கிவிட்டு, வேர்த்த முகத்தோடு, "விசுவாசம் உள்ளவங்க வரலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார்.   அவர் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். நான் மைனியின் கையைப் பிடிக்கத் துழாவியபோதுதான் அவள் என் பக்கத்தில் இல்லை என்று பார்த்தேன்.

அவள் பெண்கள் நடுவே வழி விலக்கிக்கொண்டு போய்த் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பாம்புக்கும் அவளுக்கும் ஒரு முழம்கூட இல்லை. உடம்பு முழுக்க ஆடியது. பற்கள் மோதுவது முன் வரிசைக்குக் கேட்டிருக்கும்.

"நீ எடு தம்பி. உனக்கப்புறம் நான் எடுக்கேன்" என்றாள்.

"அக்கா, நீ எதுக்கு? போ."

"ஏன்? எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"உனக்குத்தான் அந்த வசனத்துல நம்பிக்கை இல்லையே."

"எனக்கு இல்ல. உனக்கு இருக்குல்லா? எனக்கும் சேத்து நம்பு."

அவர் அவளைப் பார்த்தார். வாத்துக்கு வழிவிட்டு நிற்கிற அக்கா. அவள் வலது கையை நீட்டிப் பெட்டியின் விளிம்பில் வைத்திருந்தாள். அந்தக் கையின் நடுக்கத்தில் ஓலைப்பெட்டி சரசரவென்று சத்தம் போட்டது. உள்ளே பாம்பு சீறியது.  எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரின் முகத்தில் இருந்த சாந்தம் மெல்ல உடைந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். அவர் அக்காவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"மாட்டேன். நான் எடுக்கலை. நீ கையை எடு அக்கா. கையை எடு" என்று சொல்லிக்கொண்டே அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிள்ளை இறந்தபோது அழாத அழுகை அது.

பிரதர் அவர்களைத் திட்டவில்லை. குனிந்து பெட்டியை மூடப் போனார். பெட்டி ஆடி ஆடிப் பாம்பு வெறிகொண்டிருந்தது. மூடியை வைத்துக் கட்டிவிட்டு, ஒரு நொடி கையை உதறினார். பிறகு பாட்டு ஆரம்பித்தார். எல்லோரும் பாடினார்கள்.

மைனிதான் பார்த்தாள். பயந்தவர்களின் கண் ஒரு நேரமும் சும்மா இருப்பதில்லை. பிரதர் வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்ததை, பாட்டில் வார்த்தை குழறுவதை, இமை பாதியில் தொங்குவதை அவள்தான் கவனித்தாள். "தம்பி, அவரைக் கடிச்சிருக்கு" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னாள். பாட்டு நின்றது. பிரதர் ஆசுபத்திரி வேண்டாம் என்றார். "போனா வசனம் பொய்யாயிரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"வசனத்தைக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு. நீங்க எழும்புங்க" என்றாள் மைனி. அந்தக் குரலில் அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த வழியே போன டிப்போ லாரி ஒன்றை மறித்தார்கள். அவரைப் பின்னால் ஏற்றி, மைனி மடியில் தலையை வைத்துக்கொண்டாள். நானும் இவரும் பக்கத்தில். தென்காசிக்குள் ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. சரக்கு வண்டி. ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. அப்போது பிரதர் வாயைத் திறந்தார். நாக்கு தடித்திருந்ததால் காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அக்கா... அந்தப் பிரான்சு பிஷப்பு... நெசமா?"

"நெசந்தான் தம்பி. எழுதியிருக்காரு."

பாம்பைப் பற்றி அவர் எழுதவில்லை என்பதை மைனி அப்போது சொல்லவில்லை.

"பயமா இருக்குக்கா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. இங்கனதான் இருக்கேன். எங்கயும் போகலை."

ஆசுபத்திரியில் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே அவர் போய்விட்டார்.

போலீஸ் வந்தது, விசாரித்தது, போனது. ஊர்ப் பேச்சுதான் போகவில்லை. அந்த டீச்சரம்மா அவிசுவாசத்தோடு பெட்டியில் கை வைத்ததால்தான் வல்லமை விலகிவிட்டது, அவர் அதற்கு முன் எடுத்தபோது பாம்பு சும்மாதானே இருந்தது என்றார்கள். ஆராதனைக்குக் கோவிலில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். மைனியும் அதை முழுசாகத் தள்ளவில்லை. "நான் பெட்டியை ஆட்டாம இருந்திருந்தா?" என்று அடுப்படியில் நின்று என்னிடம் கேட்பாள். ஓய்வுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்ததை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடச் சொல்லிக் குருவானவரிடம் கேட்டுக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

அதற்கு அப்புறம் பத்து வருஷம் போல இருந்தாள். எங்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் அவள்தான் தூக்கி வளர்த்தாள், காய்ச்சல் வருமோ என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டு. என் வீட்டுக்காரர் தடி அடுக்கைக் கம்பால் தட்டிப் பார்த்துத்தான் கை வைத்தார். அவள் சாகும்போதும் பயந்துதான் செத்தாள். "கையை விட்டுராதட்டி" என்றாள். நான் விடவில்லை.

பிரதர் இறந்த சில நாளில் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாத்தூர் பக்கம் ஏதோ கிராமம். மெலிந்த பெண், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வாசலில் நின்று, "அந்த டீச்சரம்மா வீடு இதுதானா?" என்று கேட்டாள். மைனி சத்தம் கேட்டதுமே அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் சபிக்க வந்திருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். உட்காரச் சொன்னேன், அவள் உட்காரவில்லை. மைனி தானாகவே வெளியே வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"நான்தாம்மா" என்றாள்.

"நீங்கதான் லாரியில அவரு தலையை மடியில வச்சிருந்தீங்களாமே?"

"ஆமா."

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அங்கன எல்லாரும் சொன்னாங்க. அதான் வந்தேன்." அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள். "கடைசியில அவரு பயந்தாரா?"

மைனி என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. பயப்படாமல் போன ஊழியக்காரர் என்று ஊரில் அவருக்குப் பேர் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பேர் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். 

"பயந்தாரும்மா" என்றாள். "பயமா இருக்குன்னு என்கிட்ட சொன்னாரு."

அந்தப் பெண் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். 

"பர்மாவுல இருந்து வந்ததுக்கப்புறம் அவரு எதுக்கும் பயப்பட்டதில்லம்மா. என்னை நெனச்சும் பயப்படலை, பிள்ளைகளை நெனச்சும் பயப்படலை. பயந்தாருன்னா, வீட்டுக்கு வரணும்னு நெனச்சிருக்காரு."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் அழ ஆரம்பித்தாள்.